நகம் இறங்குகிற டயர்

எங்கள் மதினிக்கு ஒரு காரைக் காட்டினால் அதன் நிறத்தைப் பார்க்கமாட்டாள், யாருடையது என்று கேட்கமாட்டாள். நேரே போய்க் குனிந்து டயரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்ப்பாள். நகம் இறங்கினால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அந்த வண்டிக்காரரைப் பற்றி அவளுக்கு ஒரு முடிவு வந்துவிடும். கல்யாண வீடு, இழவு வீடு என்கிற பேதமெல்லாம் கிடையாது. எங்கள் பெரியப்பா செத்த அன்றைக்கு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. மற்றப் பெண்கள் அழுதுகொண்டே உள்ளே போனார்கள். இவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து நிமிர்ந்து வந்தாள். அப்புறம் உள்ளே வந்து எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அந்த அழுகையும் உண்மைதான். எனக்கு அதுதான் எரிச்சல்.

என் அண்ணன் பெண்டாட்டி அவள். பேரைச் சொல்லமாட்டேன், தென்காசியில் எங்கள் தெருவில் பால்காரர் முதற்கொண்டு மதினி என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவே போதும். பிறந்த ஊர் செங்கோட்டை. அவள் அப்பா ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூருக்கு லாரி ஓட்டியவர். பிள்ளையாக இவள் ஒருத்திதான் என்பதால் பாவாடை கட்டின வயதிலேயே பக்கத்தில் உட்காரவைத்து மலை ஏறியிருக்கிறார். சமைந்த பிறகும் நிறுத்தவில்லை. பேச்சில் மலையாளம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். "மலையில பிரேக்கு பாதி, டயரு பாதி, கேட்டோ" என்பாள். அந்தக் 'கேட்டோ' எங்கள் அம்மாவுக்கு ஆகாது.

உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தபடியேதான் சோறு உள்ளே போகும். சினிமாவுக்குக் கூட்டிப் போனால் பாட்டு வந்ததும் எழுந்துபோய் வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டு வருவாள். கதை என்ன ஆச்சு என்று நான்தான் காதில் சொல்லவேண்டும். "இவ கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்திருக்கா" என்று அம்மா சொல்வாள். இருட்டிப் படுத்த பிறகும் அவள் கால் கட்டைவிரல் அசைந்துகொண்டே இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவான். அவனுக்கு இவளுடைய நகக்குத்து விநோதமாகவே படவில்லை. "நான் காயைத் தட்டுதேன், அவ டயரைக் குத்துதா, இதுல என்ன இருக்கு" என்பான். எனக்குத்தான் அதில் நிறைய இருந்தது. ஏனென்றால் அந்த நகம் என் கல்யாணத்திலேயே இறங்கியது.

சிவகிரிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்பாசிடர் கார், பையன் பார்க்க லட்சணமாக இருந்தான், எனக்கும் பிடித்திருந்தது. மதினி காப்பித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து அம்மாவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், முன்சக்கரம் இரண்டுக்கும் பூட்ஸ் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், பின்னால் இருப்பது வெடித்துக் கிடக்கிறது, காண்பிக்கிற இடத்தில் மட்டும் பூசுகிற குடும்பம், இங்கே பெண்ணைக் கொடுக்காதே என்றாள். அம்மாவும் அதைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையன் நல்லவனா கெட்டவனா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் என்னைக் கட்டியவர் வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பஸ் போய்விட்டதால் மதினிக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

ஆனால் நான் சொல்லவந்த விஷயம் சிவகிரிக்காரர்கள் வந்துபோன பிறகு, அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. சின்ன மாருதி கார் புதிதாக வந்திருந்த காலம். அண்ணன் பதிவு செய்து காத்துக் கிடந்து சிவப்பில் ஒன்று வாங்கினான். வாங்கினவன் அவன், ஓட்டினவள் அவள். தென்காசியில் புடவை கட்டிய ஒருத்தி சிவப்புக் காரை அந்த வேகத்தில் ஓட்டியதை ஜனங்கள் கடையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் டயர் வழுக்கையாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் இருந்த அவள் சித்தி மகன் ஒரு கல்யாணத்தில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். அங்கே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் ஆவணி மாசம் கார்ப் பந்தயம் வைக்கிறார்களாம். தார் டிரம்களை நிறுத்தி வளைத்து வளைத்து ஓட்டவேண்டும், ஒவ்வொரு வண்டியாகப் போகும், கடிகாரம் பிடித்துப் பார்ப்பார்கள், பெண்களுக்குத் தனியாக உண்டு, வீட்டுக் காரையே கொண்டுவரலாம். அன்றைக்கு ஆரம்பித்தது. அவளுக்குப் பருப்பு கரிந்தது, பால் பொங்கியது, கூப்பிட்டால் காது கேட்கவில்லை. ஒருநாள் வாசலில் கோலம் போட்டிருந்ததைப் பார்த்தேன். புள்ளி வைத்து நடுவில் வளைந்து வளைந்து போகிற ஒரே ஒரு கோடு. டிரம்களும் பாதையும் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அண்ணனிடம் அவள் கேட்டபோது நான் பக்கத்தில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, முன்னால் மாடு வராது, ஆள் வராது, யாரும் பார்த்துப் போ என்று சொல்லமாட்டார்கள், அப்படி ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.  அண்ணன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான்.

"ஒரு செட்டுதான் வாங்கித் தருவேன். பந்தயத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு எனக்குக் கட்டாது. அந்த டயருலதான் அம்மா வெள்ளிக்கெழம அருவிக்குப் போவணும். பாத்துக்கோ."

அம்மாவுக்கு இடுப்புவலி. சாரல் சமயத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் குற்றாலத்து அருவியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அது மருந்தைவிட மேல் என்று அவளுக்கு நம்பிக்கை. ஆக, காய்ந்த தளத்தில் பறக்கவும் வேண்டும், ஈரத்தில் மாமியாரைப் பத்திரமாகக் கொண்டுபோகவும் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றும் ஒரே டயரில் இருக்கிறதா என்று மதினி தேட ஆரம்பித்தாள்.

தூத்துக்குடியில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த சீமை டயர் ஒருத்தரிடம் இருந்தது. நகம் வெண்ணெயில் போல இறங்கியதாம். விலையைக் கேட்டதும் அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பழசின்மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடலாம் என்று மெக்கானிக் சொன்னதை அவள் கேட்கவே இல்லை. ஒட்டின தோல் வளைவில் உரிந்துகொள்ளும் என்றாள். கம்பெனி டயர் அந்தச் சின்ன சக்கரத்துக்கு மதுரையில்தான் கிடைத்தது, அதுவும் கையைக் கடித்தது. கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கடையில் பேர் தெரியாத கம்பெனியின் செட் ஒன்று அகப்பட்டது. புதுசு, மலிவு, தண்ணீர் ஓட விரல் நுழைகிற மாதிரி ஆழமான வெட்டு, நகமும் இறங்கியது. பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தாருங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சோதிக்காமல் எதையும் நம்புகிறவள் இல்லையே. விடிகாலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் ஐந்தருவி ரோட்டுக்குப் போவோம். பாரத்துக்காகப் பின்சீட்டில் நானும் ஒரு மூட்டைப் பல்லாரி வெங்காயமும். பழைய வழுக்கை டயரோடு ஒரு நாள், புது டயரோடு ஒரு நாள் என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். ஜாக்கி போட்டுக் கழற்றுவதும் மாட்டுவதும் அவளேதான். அம்மாவின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து டயரின் ஓரத்தில் தடவுவாள். வளைவில் வண்டி எவ்வளவு சாய்கிறதோ அந்த அளவுக்குச் சுண்ணாம்பு அழியும், அதை வைத்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கவேண்டும், அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆனால் சாரல் நசநசவென்று விழுந்துகொண்டே இருக்கும். இறங்கிப் பார்த்தால் சுண்ணாம்பே இருக்காது.

"மதினி, சுண்ணாம்பையே காணும்" என்றேன்.

"மழை தின்னுட்டு. அது கெடக்கு. வண்டி நிக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

புது டயரில் வண்டி ஈரத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பழசில் வளைவுக்கு வளைவு பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய், பல்லாரி மூட்டை என் மடியில் சாய்ந்தது. இதற்கு மேல் என்ன பார்க்க இருக்கிறது? புதுசுதான் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். ஆனி ஆடியில் எங்களுக்கு ரோடு என்றாலே ஈர ரோடுதான். உலகத்தில் வெயிலும் அடிக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பந்தயத்துக்குப் புறப்பட்டபோது அண்ணன் பழைய டயர் நான்கையும் விடாமல் ஏற்றினான். கோயம்புத்தூரில் ரீட்ரெட் போடுகிறவர்கள் பழசுக்கு நல்ல விலை தருவார்களாம். இரண்டு மேலே கேரியரில், இரண்டு பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில். வழி முழுக்க ரப்பர் வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கமிஷன் கடைக்காரன் புத்தி என்று வாய்விட்டே சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

அங்கே போய் இறங்கினால் மொட்டை வெயில். கான்கிரீட் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முதலில் பழகிப் பார்ப்பதற்கு ஓட்டவிட்டார்கள். மதினி போன வேகம் என்னவோ நல்ல வேகம்தான், ஆனால் ஒவ்வொரு டிரம்மிலும் வண்டி திரும்பமாட்டேன் என்று அகலமாகப் போனது. டயர் கதறியது. திரும்பி வந்ததும் குனிந்து நகத்தை வைத்தாள். அது பாதி விரல் வரைக்கும் போயிற்று. சூட்டில் அந்த ஆழமான வெட்டுகள் எல்லாம் நெளிந்து, முன்சக்கரத்தின் ஓரம் பருக்கை பருக்கையாக உதிர்ந்திருந்தது. அவள் அந்தச் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தானாக உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன், எனக்குப் பயமாகிவிட்டது.

அப்புறம் தலையைத் தூக்கி, "பழசு எங்கன?" என்றாள்.

அண்ணன் ஓடுதளத்துக்கு வெளியே ஒரு டெம்போக்காரரிடம் அந்த நான்கையும் விலை பேசி முடிக்கிற தறுவாயில் இருந்தான். மதினி புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பந்தயக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். போன கையோடு ஒன்றை உருட்டிக்கொண்டு திரும்பினாள். மற்றதை நாங்கள் உருட்டினோம். வெட்டு இல்லாததால் நெளிய ஒன்றும் இல்லை, ரப்பர் இன்னும் காயவில்லை, நகம் இறங்குகிறது, இதுதான் வேணும், இதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் அலைந்தேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே மாட்டினாள். சுண்ணாம்பு தடவினாள். அன்றைக்குச் சுண்ணாம்பு நின்றது.

அவள் ஓட்டியதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. டிரம்களுக்கு நடுவே கோலத்தில் இழை போகிற மாதிரி போய் வந்தாள். பெண்களில் முதல். ஆண்களில் பாதிப்பேர் அவளுக்குப் பின்னால். கடிகாரம் பிடித்தவர் அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். வெள்ளி முலாம் பூசின ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் கையும் காலும் ஆடாமல் இருந்தன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் அதை மறைக்கவும் இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் திரும்பியதும் அண்ணன் புது டயரை மாட்டிவிடு என்றான். முன்சக்கரத்துக்கானது இரண்டும் பிய்ந்துவிட்டதே, கடைக்காரரிடம் மாற்றிக் கேட்டுவிட்டு மாட்டலாம் என்றாள். நாளைக்கு என்றாள், நாளன்றைக்கு என்றாள். உண்மை என்னவென்றால் அவளுக்கு அந்த வழுக்கை டயர்மேல் பிரியம் வந்துவிட்டது. அதில்தான் வண்டி தன் பேச்சைக் கேட்கிறது என்றாள். ஒரு காரணமும் இல்லாமல் ஆய்க்குடி வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். ஜெயித்த பிறகாவது அடங்குவாள் என்று நினைத்தோம், அலைச்சல் கூடத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. தென்காசியில் நல்ல வெயில். அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள், பக்கத்தில் நான். மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெய்கிற அந்த மழை எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. மதினி வேகத்தைக் குறைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று சோதிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பிரேக்கை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். கார் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி நாற்று நட்ட வயலுக்குள் போய் நின்றது.

அம்மா முன்சீட்டில் மோதிக் கீழே கிடந்தாள். வலது மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் கத்துகிறேன். மதினி கதவைத் திறந்து சேற்றில் இறங்கினாள். எங்கள் பக்கம் வந்து கதவைத் திறப்பாள் என்று பார்த்தால், அவள் குனிந்து பின்டயரில் நகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அந்தச் சேற்றிலேயே போட்டு அமுக்கியிருப்பேன். அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நகம் எறங்குதா?" என்று கேட்டாள்.

"எறங்குது அத்தை" என்றாள் மதினி. சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அம்மா அதற்கப்புறம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வீடு ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். கை சேர்ந்தது, கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. காரில் மட்டும் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். யார் கார் என்றாலும் சரி, கல்யாணத்துக்கும் பஸ், ஆஸ்பத்திரிக்கும் பஸ். அண்ணன் மாருதியைப் பழுதுபார்த்து விற்றுவிட்டான். மதினி வழியில் கார் நின்றால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மூடிக்கொண்டு வேகமாகக் கடந்து போவாள். கோப்பையில் அம்மாவின் பாக்குவெட்டியும் சில்லறையும் கிடந்தன. அதே வீட்டில், அதே அடுக்களையில், இரண்டு பேரும் உப்பு எடு, புளி எடு என்பதற்கு மேல் பேசாமல் வருஷங்களை ஓட்டினார்கள். நான் பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த மூடிய கையைப் பார்த்து எனக்கு மனசு ஒருநிலையில் இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சாரலுக்கு நான் வந்திருந்தபோது அண்ணன் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பூ போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஜோராக இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா வரமாட்டாள் என்று தெரிந்தும் ஒரு பேச்சுக்கு, அருவிக்குப் போவமா என்று கேட்டான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. இதைப் பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் ஏறுவேன்."

மதினி ஈரக்கையோடு வந்தாள். படியிலேயே நின்றாள். "நான் எதுக்கு அத்தை" என்றாள். அம்மா அந்தக் கோணல் கையை வண்டிப் பக்கம் நீட்டிக் காட்டிக்கொண்டே நின்றாள். மதினி துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை நகம் மட்டும் போதவில்லை அவளுக்கு. நகத்தை ஊன்றினாள், பிறகு குச்சியை வெட்டுக்குள் விட்டு ஆழம் பார்த்தாள், பார்த்த இடத்தில் நம்பிக்கை வராமல் இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தாள். கடைசிச் சக்கரத்தில் குந்தியவள் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் எலுமிச்சம்பழத்தைச் சரிபண்ணுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றான். 

எழுந்து, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ.

"இது வேண்டாம் அத்தை. பின்னால இடதுபக்கம், தண்ணி போக வழியே இல்ல."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இன்றைக்கு ஒருநாள் மெதுவாகப் போய் வந்துவிடலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மதினி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா அவன் பேச்சைக் காதில் வாங்காமல் உள்ளே போய் மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அவ வேண்டாம்னா வேண்டாம்லே. நீ டயரை மாத்திட்டு வா. நாங்க பஸ்ஸில போயிக்கிடுதோம்."

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். குற்றாலம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மதினியைக் காணவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கண்டக்டர் கத்துகிறார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அம்மா, "கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, எம் மருமவ பாத்துக்கிட்டிருக்கா" என்றாள்.